மீந்ததைச் சேர்த்துவைத்த ஊர்கள்

இயேசு அப்பங்களைப் பலுகச் செய்த நிகழ்வை ஆண்டுதோறும் திருவழிபாட்டில் கேட்கிறோம். ஐந்து அப்பம், இரண்டு மீன், ஐயாயிரம் பேர் என்ற எண்கள் நம் நினைவில் நிற்கின்றன. அந்நிகழ்வின் கடைசிப் பகுதி அவ்வளவாக நிற்பதில்லை. எல்லாரும் வயிறார உண்டபின், மீந்த துண்டுகளை வீணாக்காமல் சேர்த்துவைக்குமாறு இயேசு சீடர்களிடம் சொல்கிறார். பன்னிரண்டு கூடைகள் நிறைகின்றன. அந்தக் கூடைகள் யார் வீட்டுக்குப் போயின என்று நற்செய்தியாளர்கள் எழுதவில்லை. ஆனால் ஒன்று தெளிவாகிறது. மீந்ததைச் சேர்ப்பது ஒரு வேலை. சேர்த்ததை இல்லாதவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது இன்னொரு வேலை. இரண்டுக்கும் ஆள் வேண்டும், ஒழுங்கு வேண்டும்.

அந்த வேலையை அரசரும் செல்வரும் செய்த கதைகள் நிறைய உண்டு. ஊர் மக்கள் தாங்களே கூடிச் செய்த கதைகள் குறைவாகவே சொல்லப்படுகின்றன. அவற்றுள் சிலவற்றை இன்று நினைத்துப் பார்ப்போம். அவற்றில் ஒன்று நம் தெருமுனை ரேஷன் கடை வரை வந்து நிற்கிறது.

தலைதட்டிய படி, குவித்த படி

15-ஆம் நூற்றாண்டின் இத்தாலி. ஏழை உழவருக்கு மிகக் கடினமான காலம் அறுவடைக்கு முந்திய மாதங்கள். குதிரில் தானியம் தீர்ந்திருக்கும். விதைக்கென்று ஒதுக்கியதையும் பிள்ளைகளின் பசிக்கு எடுத்துச் சமைத்திருப்பார்கள். விதைப்புக் காலம் வந்ததும் கடன்காரரிடம் போய் நிற்க வேண்டும். வாங்கிய ஒரு மூட்டைக்கு அறுவடையில் பெரும்பங்கைக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டும் அதே வாசலுக்குப் போக வேண்டும்.

இந்தச் சுழலை உடைக்க, பிரான்சிஸ்கன் சபைத் துறவிகள் ஒரு வழி கண்டார்கள். ஊருக்குப் பொதுவாக ஒரு தானியக் களஞ்சியம் வைத்தார்கள். வசதியுள்ளவர்கள் தங்களிடம் மிஞ்சியதை அதில் போட்டார்கள். விதைப்புக் காலத்தில் ஏழை உழவருக்கு அதிலிருந்து தானியம் கடனாக அளக்கப்பட்டது. கொடுக்கும்போது படியின் வாயை மட்டமாகத் தலைதட்டி அளந்தார்கள். அறுவடைக்குப்பின் திருப்பி வாங்கும்போது அதே படியைக் குவித்து அளந்தார்கள். தலைதட்டிய படிக்கும் குவித்த படிக்கும் இடையே உள்ள அந்தச் சிறு குவியல்தான் கூடுதல். எலி தின்றதற்கும், ஈரத்தில் கெட்டதற்கும், களஞ்சியத்தைப் பராமரிப்பதற்கும் அது ஈடானது. வட்டிக்கடைக்காரரின் கணக்கை அறிந்தவர்களுக்கு, இது எவ்வளவு இலேசான சுமை என்பது புரியும்.

தென் இத்தாலியில் பெனவெந்தோ நகரின் பேராயராக இருந்த கர்தினால் ஒர்சீனி, 1694-ஆம் ஆண்டு தம் நகரில் இப்படி ஒரு களஞ்சியத்தை ஏற்படுத்தினார். 1688-இல் வந்த பெரும் நிலநடுக்கத்தால் சிதைந்துபோன நகர் அது. இவரே பின்னர் 1724-இல் பதின்மூன்றாம் பெனடிக்ட் என்ற பெயரில் திருத்தந்தையானார்.

இந்தக் களஞ்சியங்கள் பல தலைமுறைகளுக்குப் பயன்பட்டன. ஆனால் காலம் செல்லச் செல்லப் பல ஊர்களில் அவற்றின் சாவி உள்ளூர்ப் பெரிய மனிதர்களின் கைக்குப் போனது. தானியம் வேண்டியவர்களுக்குப் போகாமல் வேண்டப்பட்டவர்களுக்குப் போனது. களஞ்சியத்திலிருந்து வாங்கிய ஏழைக்கு, அதன் நிர்வாகத்தில் பேச இடமில்லை. இந்தக் குறை எப்படித் தீர்ந்தது என்பதற்கு, ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே, 150 ஆண்டுகள் கழித்து நடந்த ஒரு பஞ்சத்திற்குப் போக வேண்டும்.

வையர்புஷ் ஊரின் ரொட்டிச் சங்கம்

இன்றைய ஜெர்மனியின் மேற்கே, ரைன் நதிக்குக் கிழக்கில், வெஸ்டர்வால்ட் என்றொரு மேட்டு நிலம் இருக்கிறது. மண் வளம் குறைந்த, குளிர் மிகுந்த பகுதி. அங்கே 1818-ஆம் ஆண்டு ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் ராய்ஃபைசன் பிறந்தார். ஒன்பது பிள்ளைகள் உள்ள குடும்பம். இளம் வயதில் படைப்பணியில் சேர்ந்தார். கண்நோய் வந்ததால் அதை விட்டு அரசு நிர்வாகத்துக்கு வந்தார். 1845-இல், 27 வயதில், வையர்புஷ் என்ற ஊரையும் அதைச் சுற்றிய சிற்றூர்களையும் கவனிக்கும் மேயராகப் பொறுப்பேற்றார்.

பொறுப்பேற்ற சிறிது காலத்திலேயே பஞ்சம் வந்தது. ஐரோப்பா முழுவதும் உருளைக்கிழங்கை அழித்த நோய் அங்கும் பரவியிருந்தது. 1846-இல் தானிய விளைச்சலும் பொய்த்தது. அந்தக் குளிர்காலத்தில் ரொட்டியின் விலை ஏழைகளின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போனது.

பிரஷ்ய அரசு சும்மா இருக்கவில்லை. தன் கிடங்கிலிருந்து தானியம் அனுப்பியது. கூடவே ஒரு நிபந்தனையும் அனுப்பியது: ரொக்கம் கொடுப்பவர்களுக்கு மட்டுமே தானியம் தர வேண்டும். பணம் இருந்தவர்கள் அந்தக் குளிர்காலத்தில் பசித்திருக்கவில்லை. பசித்திருந்தவர்களிடம் பணம் இல்லை. தானியம் ஊருக்குள் வந்துவிட்டது, ஆனாலும் பட்டினி தொடரும் என்ற நிலை.

இளம் மேயர் அந்த ஆணையைப் பின்பற்றவில்லை. தம் பொறுப்பில், ஏழைகளுக்குக் கடன் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு தானியத்தைக் கொடுத்தார். அது மட்டும் போதாது என்று கண்டு, ஊரில் வசதியானவர்களைக் கூட்டினார். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு பொது நிதி உருவானது. அந்தப் பணத்தில் மேலும் தானியம் வாங்கினார்கள். ஊருக்குப் பொதுவாக ஓர் அடுப்புக்கூடம் கட்டி, தாங்களே ரொட்டி சுட்டார்கள். இதற்குத்தான் ரொட்டிச் சங்கம் என்று பெயர். சந்தையில் விற்றதில் ஏறக்குறைய பாதி விலைக்கு ரொட்டி கிடைத்தது. கையில் காசில்லாதவர்கள் கடனாக வாங்கி, நல்ல காலம் வந்தபின் அடைத்தார்கள். வசந்தம் வந்ததும் அதே சங்கம் விதைக்கிழங்கும் வாங்கிக் கொடுத்தது. அடுத்த விளைச்சலுக்குப்பின், எழுதிக் கொடுத்த கடன் திரும்பி வந்தது.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஊரில் யாரிடமும் பெரிய செல்வம் குவிந்திருக்கவில்லை. தனித்தனியாக இருந்தபோது, ஒவ்வொருவரிடமும் இருந்தது அவரவர் பயத்துக்கு ஒதுக்கிய சேமிப்பு. ஒன்றாகச் சேர்ந்தபோது அதே பணம் ஊருக்கே உணவானது. மீதி என்பது பல வேளைகளில் தானாகக் கிடைப்பதில்லை. பலர் கூடினால்தான் அது மீதியாகிறது.

இரக்கம் களைத்துப்போனபோது

வரலாற்றுப் புத்தகங்களில் ரொட்டிச் சங்கத்தோடு கதை பெரும்பாலும் முடிந்துவிடும். ஆனால் நமக்கு உண்மையான பாடம் அதற்குப் பின்புதான் தொடங்குகிறது.

1848-இல் ராய்ஃபைசன் ஃபிளாமர்ஸ்ஃபெல்ட் என்ற ஊருக்கு மாற்றப்பட்டார். அங்கே உழவர்கள் மாட்டு வியாபாரிகளிடம் கடன்பட்டு, மாட்டையும் நிலத்தையும் இழந்துகொண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டே அங்கு ஓர் உதவிச் சங்கம் தோன்றியது. ஊரில் வசதியான 60 பேர் தங்கள் சொத்தைப் பிணையாக வைத்து நிதி திரட்டினார்கள். சங்கம் மாடு வாங்கி உழவருக்குக் கொடுத்தது. உழவர் தவணையில் திருப்பிக் கட்டினார். பிறகு 1852-இல் ஹெடஸ்டார்ஃப் என்ற ஊர். அங்கே 1854-இல் ஓர் அறப்பணிச் சங்கம். ஆதரவற்ற பிள்ளைகளைக் கவனிப்பது, சிறையிலிருந்து வெளிவந்தவர்களுக்கு வேலை தேடித் தருவது, நூலகம் நடத்துவது, கடன் கொடுப்பது என்று அதன் திட்டங்கள் விரிந்தன.

பத்து ஆண்டுகளில் அந்தச் சங்கம் தளர்ந்தது. காரணம் எளிது. கொடுத்தவர்கள் ஒரு பக்கம், வாங்கியவர்கள் இன்னொரு பக்கம் என்றே அது அமைந்திருந்தது. பஞ்சத்தின் நினைவு மங்க மங்க, கொடுத்தவர்களின் ஆர்வமும் குறைந்தது. எத்தனை ஆண்டுகள்தான் பிறருக்காகத் தம் சொத்தைப் பிணை வைப்பது என்று விலகத் தொடங்கினார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. இரக்கமும் களைத்துப்போகும். அது மனித இயல்பு.

ராய்ஃபைசனுக்கு இது எளிதாக ஏற்கக்கூடிய உண்மையாக இருக்கவில்லை. பிறரன்பே எல்லாவற்றையும் தாங்கும் என்று நம்பிய கிறிஸ்தவர் அவர். ஆனாலும் 1864-இல் சங்கத்தை மாற்றி அமைத்தார். இனிமேல் கடன் வாங்குபவர் சங்கத்தின் உறுப்பினராக வேண்டும். அவருக்கும் பொறுப்பு உண்டு, கூட்டத்தில் பேச உரிமையும் உண்டு. கையேந்தி நின்றவர் கணக்குக் கேட்கும் இடத்துக்கு வந்தார். இத்தாலியக் களஞ்சியங்களில் இருந்த குறை தீர வழி இங்கே பிறந்தது.

1866-இல் அவர் எழுதி வெளியிட்ட நூல் வழியாக இந்தச் சங்கங்களின் விதிகள் பரவின. அவற்றில் நான்கு, இன்று கேட்டாலும் புதிதாகவே இருக்கின்றன. முதலாவது, சங்கத்தின் எல்லை ஒரு சிற்றூர் அல்லது ஒரு பங்கு என்ற அளவைத் தாண்டக் கூடாது. யார் வீட்டில் என்ன நிலை என்று ஒருவருக்கொருவர் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது, எல்லாருக்கும் எல்லாரும் பொறுப்பு. ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர்கள் அதைச் சுமக்க வேண்டும். ஆகவே அண்டை வீட்டுக்காரர் விழாமல் பார்த்துக்கொள்வது ஒவ்வொருவரின் வேலையானது. மூன்றாவது, நிர்வாகிகளுக்குச் சம்பளம் கிடையாது. கணக்கு எழுதுபவருக்கு மட்டுமே ஊதியம். மற்ற எல்லாமே தன்னார்வப் பணி. நான்காவது, வரும் உபரியைப் பங்கு பிரித்து எடுத்துக்கொள்ளாமல் பொது நிதியாகச் சேர்க்க வேண்டும். அது இன்றைய உறுப்பினர்களுக்கு மட்டும் உரியதன்று, நாளை வரப்போகிறவர்களுக்கும் உரியது.

பார்வை மங்கிய நிலையிலும், மகள் அமாலியாவின் உதவியோடு கடைசிவரை உழைத்து, 1888-இல் ராய்ஃபைசன் இறந்தார்.

பசிக்கு மதம் இல்லை

ராய்ஃபைசனிடம் குறை இல்லாமல் இல்லை. யூதர்களைப் பற்றிய காழ்ப்பு அவரது எழுத்துகளில் இருந்ததை அண்மைக்கால ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது நேர்மையாகாது. ஆனால் அவரது வழிமுறையை வரலாறு கொண்டுபோன இடங்களைப் பாருங்கள். 1883-இல் வட இத்தாலியின் லொரேஜ்ஜா ஊரில் இதே முறையிலான முதல் ஊரகச் சங்கத்தைத் தொடங்கியவர், லெயோனே வொல்லெம்போர்க் என்ற யூதர். ஏழாண்டுகள் கழித்து, வெனிஸ் அருகே கம்பராரே என்ற ஊரில் முதல் கத்தோலிக்க ஊரகச் சங்கத்தைத் தொடங்கியவர், லூயிஜி செருத்தி என்ற அருள்பணியாளர். அடுத்த ஆண்டு, 1891-இல், திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் நிலை குறித்த தம் சுற்றுமடலை வெளியிட்டு, உழைப்பவர்கள் சங்கமாகச் சேர்வதை ஆதரித்தார். சீர்திருத்த சபையைச் சேர்ந்த ஒருவர் தொடங்கியதை, யூதர் ஒருவர் எடுத்துச் சென்றார், கத்தோலிக்கக் குரு ஒருவர் தம் பங்குக்குக் கொண்டுவந்தார். பசித்த வயிறு, உதவிக்கு வருபவரின் மதத்தைக் கேட்பதில்லை.

கேரளத்துப் பிடியரி, திரூர்ச் சங்கம்

ஜெர்மனியில் அந்தச் சங்கங்கள் வளர்ந்த காலத்திலேயே, நம் அண்டை நிலமான கேரளத்தில் இன்னொரு முயற்சி நடந்தது. இன்று புனிதராக நாம் வணங்கும் அருள்பணியாளர் குரியாக்கோஸ் எலியாஸ் சாவரா, ஒவ்வொரு பங்கிலும் பள்ளிக்கூடம் தொடங்கவேண்டும் என்று வலியுறுத்தினார். பள்ளி இருந்தும் ஏழைப் பிள்ளைகளுக்குப் பசி. அதற்கு அவர் கண்ட வழி, பிடியரி. சோறு பொங்க உலை வைக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனியாக ஒரு பாத்திரத்தில் போட வேண்டும். அப்படி வீடுதோறும் சேர்ந்த அரிசி, பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவானது. பிடி அரிசி என்ற வழக்கம் தமிழ் வீடுகளுக்கும் தெரிந்ததே. உண்டபின் மீந்ததைக் கொடுப்பது ஒரு வகை. உண்பதற்கு முன்பே ஒரு பிடியை மீதியாக்கி வைப்பது இன்னொரு வகை. ஏழை வீட்டாலும் இரண்டாவது வகையில் கொடுக்க முடியும் என்பதுதான் பிடியரியின் சிறப்பு.

இனி தமிழகம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய பஞ்சத்தை நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்று அழைத்தார்கள். அப்போதும் வையர்புஷ் ஊரில் கண்டதே பெரிய அளவில் நடந்தது. இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தது. சந்தைக்கு வந்த தானியத்தை வாங்கக் கூலி ஏழைகளிடம் காசில்லை. இலட்சக்கணக்கானோர் மடிந்தார்கள்.

உழவரைக் கடனிலிருந்து மீட்க வழி தேடிய சென்னை மாகாண அரசு, 1892-இல் ஃபிரெட்ரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியிடம் ஆய்வுப் பொறுப்பை ஒப்படைத்தது. கோயம்புத்தூர் மாவட்டத்தைப் பற்றிய கையேட்டை எழுதியவர் அவர். ஐரோப்பியச் சங்கங்களை ஆராய்ந்து, 1895-லும் 1897-லும் இரு பகுதிகளாக அறிக்கை அளித்தார். அவருடைய முடிவின் சாரம் இதுதான்: சட்டம் மட்டும் போதாது, ராய்ஃபைசனைப் போன்ற மனிதரை இந்த மண்ணில் தேடிக் கண்டுபிடியுங்கள்.

1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு திருவள்ளூர் அருகே திரூரில் உழவர்களுக்கான சங்கம் ஒன்று பதிவானது. அதே ஆண்டு சென்னை திருவல்லிக்கேணியில், வீட்டுச் சாமான்களை நியாய விலைக்கு வாங்கிப் பகிர்ந்துகொள்ள ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் நாம் அரிசியும் சர்க்கரையும் வாங்கும் நியாயவிலைக் கடைகளில் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. கடையின் பெயர்ப்பலகையை அடுத்த முறை நின்று படித்துப் பாருங்கள். வையர்புஷ் ஊரின் பொது அடுப்பிலிருந்து புறப்பட்ட ஒரு பாதை அந்தப் பலகையில் வந்து முடிகிறது.

உறுப்பினரா, பயனாளியா?

ஆனால் அந்தக் கடை வரிசையில் நிற்கும்போது, நம்மை நாம் யாராக நினைக்கிறோம்? ரேஷன் வந்ததா, பொருள் இருக்கிறதா என்று கேட்கிறோம். இது எங்கள் சங்கம், கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்பவர் எத்தனை பேர்? கூட்டுறவு என்ற சொல் அரசு அலுவலகத்தின் பெயராக மட்டும் நம் காதில் விழுகிறது. 1864-இல் ஹெடஸ்டார்ஃப் ஏழைகள் பெற்ற இடத்தை, கையில் இருந்தும் நாம் பயன்படுத்தாமல் விட்டிருக்கிறோம்.

நம் பங்குகளிலும் இதே கேள்வி எழுகிறது. கிறிஸ்து பிறப்புக்கும் பாஸ்காவுக்கும் அரிசியும் துணியும் கொடுக்கிறோம். புயலோ வெள்ளமோ வந்தால் லாரி லாரியாக அனுப்புகிறோம். இவை நல்லவை, தொடர வேண்டும். ஆனால் இரண்டாம் மாதம் என்ன ஆகிறது? கொடுத்தவர்கள் களைத்துவிடுகிறார்கள். வாங்கியவர்கள் அடுத்த விழாவுக்குக் காத்திருக்கிறார்கள். இரு தரப்பும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசுவது அரிது.

இதற்கு வேண்டிய அமைப்பு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அன்பியம் என்று நாம் அழைக்கும் சிறு குழு, ராய்ஃபைசன் சொன்ன எல்லைக்கு இன்னும் சிறியது. எந்த வீட்டில் தையல் இயந்திரம் நின்றுபோனது, எந்த வீட்டுக்காரர் கடலுக்குப் போகவில்லை, எந்த வீட்டில் மாலையில் அடுப்பு எரியவில்லை என்பது அங்கே யாருக்காவது தெரியும். அங்கே ஒரு பிடி அரிசிப் பாத்திரம் வைக்கலாம். திருமண மண்டபத்தில் மீந்த சாப்பாட்டை ஆறுவதற்குள் எடுத்துச் செல்ல இரண்டு இளைஞர்கள் முறை போட்டுக்கொள்ளலாம். கொல்லையில் காய்த்த முருங்கையும் வாழையும் வாரம் ஒரு நாள் ஒரு திண்ணைக்கு வரலாம். கணக்கு எழுதும் நோட்டு, இன்று அரிசி வாங்கும் அம்மாவின் கையில் இருக்கட்டும். நாளை அவரே ஒரு பிடி போடுவார். அவரிடம் அரிசி இல்லாவிட்டாலும், அரை மணி நேர உழைப்பு இருக்கும். அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.

அன்பு நெஞ்சங்களே, அப்பங்கள் பலுகிய அந்த நாளில், மீந்ததைச் சேர்க்கும் வேலையைச் செய்தவர்கள் சீடர்கள். பன்னிரண்டு கூடைகளும் அவர்கள் தோளில்தான் ஏறின. வெஸ்டர்வால்ட் மேட்டில் பொது அடுப்பு மூட்டியவர்களும், கேரளத்தில் வீடு வீடாகப் பிடியரி சேர்த்தவர்களும் அதே வேலையைத்தான் செய்தார்கள். நம் தெருவில் அந்தக் கூடையைத் தூக்க யார் இருக்கிறார்கள்? இந்த வாரம் அன்பியக் கூட்டத்தில் இந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துப் பேசுவோம்.